எங்க நெஞ்சுவலிக்குப் பேரு வாயு

எங்கள் சேரியில் ‘நெஞ்சு வலிக்குது’ என்று யாரும் சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். ‘மாரு அடைக்குது’ என்பார்கள். ‘நெஞ்சாங்குழியில கல்லைத் தூக்கி வச்சாப்பல இருக்குது’ என்பார்கள். கரும்பு வெட்டப் போகிறவர்கள் ‘இடது தோளு இழுக்குது, கட்டு தூக்க முடியல’ என்பார்கள். நடவுக்குப் போகிற பெண்கள் ‘முதுவுல குத்துது, தாடை கடுக்குது, வேர்த்துக் கொட்டுது’ என்பார்கள். வலி என்ற சொல்லையே சிலர் எடுப்பதில்லை. ‘ஒரு மாதிரியா வருதுப்பா.’ அவ்வளவுதான். ஒருநாள் படுத்தால் ஒருநாள் கூலி போச்சு என்று வாழ்கிறவர்களுக்கு வலியைப் பெரிசு பண்ணிச் சொல்லிப் பழக்கமில்லை.

இத்தனை சொற்களையும் ஆஸ்பத்திரியில் ஒரே சொல்லாக மாற்றிவிடுகிறார்கள். வாயு. ‘ஒண்ணுமில்ல, கேஸ்தான். வேளா வேளைக்குச் சாப்புடு. சாராயத்தை விடு.’ ஒரு ஊசி, நாலு மாத்திரை, கதை முடிந்தது. அதே வலி ஊர்த்தெருவில் ஒருத்தருக்கு வந்தால் கார் வருகிறது, சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அது நெஞ்சுவலி ஆகிவிடுகிறது. எங்களுக்கு வந்தால் வாயு. இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. பழைய தென்னாற்காட்டுப் பக்கம் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுக்கிற வேலை எனக்கு. ராத்திரி பகல் பார்க்காமல் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வரப்படுகிற நெஞ்சுகளைப் பல வருசமாகப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

என் நைனாவுக்கு வந்ததும் வாயுதான். 2006ஆம் வருசம். நான் அப்போது ரேடியாலஜி அசிஸ்டென்ட் படிப்பில் இருந்தேன். கரும்பு வெட்டப் போன இடத்தில் விடிகாலையில் மாரு அடைத்திருக்கிறது. மேஸ்திரி டவுனில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கூடப் போனது என் சித்தப்பா. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்று சொன்னார். ‘எந்த ஊரு?’ சொன்னார்கள். ‘ஊரா, காலனியா?’ அதையும் சொன்னார்கள். ‘குடிப்பியா?’ நைனா, ‘எப்பவாச்சும் சாமி’ என்றிருக்கிறார். அத்தோடு விசாரணை முடிந்தது. மாரில் குழல் வைக்கவில்லை. கையைப் பிடித்து நாடி பார்க்கவில்லை. நர்சம்மாவைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லிவிட்டு அடுத்த ஆளை வரச் சொன்னார். அந்த அறை மூலையில் ஒரு தள்ளுவண்டி மேல் ஏதோ பெட்டி, துணி போட்டு மூடி, ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்ததை சித்தப்பா பார்த்திருக்கிறார். அது என்னவென்று அவருக்கு அன்று தெரியாது. எனக்கு வேலை கிடைத்த பிறகு ஒருநாள் என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், இ.சி.ஜி. மெஷினைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். ‘இதே பொட்டிதாண்டா அன்னிக்கு அங்க இருந்துச்சு’ என்றார்.

108 வண்டி தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில்தான் ஓட ஆரம்பித்தது. அதற்கு ரெண்டு வருசம் முந்தி, ராத்திரியில், ஆளுக்கு ஆள் கெஞ்சி ஒரு வேன் பிடித்து நைனாவை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே இ.சி.ஜி. எடுத்தார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ‘காலையிலயே ஏன் வரல?’ என்று கேட்டார் ட்யூட்டி டாக்டர். காலையிலேயே போனோம் என்று சித்தப்பா சொன்னது அவர் காதில் விழவில்லை. இரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கிற மருந்தை வலி வந்த 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதல் ரெண்டு மூணு மணி நேரத்தில் போட்டால்தான் நல்ல பலன். நாங்கள் போய்ச் சேர்ந்தது பதினாறு மணி நேரம் கழித்து. மூணாம் நாள் நைனா போய்விட்டார்.

நைனாவுக்கு சி.டி. ஸ்கேன் கிடைக்கவில்லையே என்று நான் அழ வரவில்லை. அவருக்கு அது தேவையே இல்லை. அன்று காலையில் வேண்டியிருந்தது ஒரு முழம் காகிதம். அந்தக் காகிதத்துக்கும் என் நைனாவுக்கும் நடுவில் ரெண்டு அடி தூரம் கூட இல்லை. ஆனால் ஒருத்தர் எழுந்து வந்து அவர் மாரைத் தொட்டு, சட்டையைக் கழற்றி, ஈரப்பஞ்சால் துடைத்து, ஒயரை ஒட்ட வேண்டியிருந்தது.

மெஷின் பற்றி இனிச் சொல்கிறேன். நம் தோழர்களில் பலருக்கு இது ஏதோ டாக்டர்களுக்கு மட்டும் தெரிந்த மந்திரம் என்ற நினைப்பு இருக்கிறது. மந்திரம் என்று நினைத்து ஒதுங்கினால் அதை வைத்திருப்பவனே பூசாரி.

திடீர் நெஞ்சுவலியில் ஆளை அவசரமாகக் கொண்டுபோகிறவை முக்கியமாக மூன்று. ஒன்று, இதயத்துக்குப் போகிற இரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது. இதுதான் அதிகம். இரண்டு, இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய குழாயான மகாதமனியின் உட்சுவர் கிழிவது. மூன்று, காலிலோ இடுப்பிலோ உறைந்த இரத்தக்கட்டி நகர்ந்துபோய் நுரையீரல் குழாயை அடைப்பது. வந்தவுடன் 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. அதில் பெரிய மாரடைப்பின் கோடு தெளிவாகத் தெரிந்தால் ஸ்கேன் அறைக்கு வரவே கூடாது. நேராக அடைப்பைத் திறக்கிற இடத்துக்குப் போக வேண்டும், அல்லது கரைக்கிற மருந்து போட வேண்டும். இ.சி.ஜி. தெளிவாக இல்லையென்றால் ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை. இதயத்தசை சேதப்பட்டால் இரத்தத்தில் கசிகிற புரதம் அது. ஒருமுறை பார்த்தால் போதாது, சில மணி நேரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். இரண்டும் சுத்தமாக இருந்து, ஆளுக்கு ஆபத்துக் காரணங்களும் குறைவென்றால் வீட்டுக்கு அனுப்பலாம். மோசமாக இருந்தால் குழாய் விட்டு ஆஞ்சியோ. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்கள் இருக்கிறார்களே, ஆமென்றும் சொல்ல முடியாமல் இல்லையென்றும் சொல்ல முடியாமல், அவர்களுக்குத்தான் இதயக் குழாய்களை சி.டி.யில் பார்ப்பது பயன்படுகிறது. அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் 2021இல் வெளியிட்ட நெஞ்சுவலி வழிகாட்டியும் இந்த நடு ஆட்களுக்குத்தான் இதை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. மகாதமனி கிழிந்திருக்குமோ, நுரையீரல் அடைத்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் கதை வேறு. அங்கே சி.டி.தான் முதல் சாட்சி.

இந்த மெஷினைச் செய்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் இங்கிலாந்தில் ஒரு விவசாயி மகன். பல்கலைக்கழகப் பட்டம் வாங்காதவர். 1971இல் லண்டனில் ஒரு பெண்ணின் மூளையை முதன்முதலாகப் படம் எடுத்தார்கள். 1979இல் ஆலன் கார்மாக் என்பவரோடு சேர்ந்து நோபல் பரிசு. நான் படித்த இடத்தில் ஒரு வாத்தியார், ‘கோட்டாவுல வந்தவனுங்க கையில மெஷினைக் குடுத்தா என்னாவும்’ என்று வகுப்பிலேயே சொல்வார். ஹவுன்ஸ்ஃபீல்ட் பற்றிப் பாடம் எடுத்தவரும் அவரேதான். பட்டம் இல்லாததை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். அது எனக்கு ரொம்ப நாள் கழித்து வேறொரு புத்தகத்தில்தான் கிடைத்தது.

இதயம் துடித்துக்கொண்டே இருப்பதால் பழைய மெஷின்களில் அது மங்கலாகத்தான் விழும். 2004 வாக்கில் ஒரே சுற்றில் 64 வரிசை எடுக்கிற மெஷின்கள் வந்த பிறகுதான் இதயக் குழாய்களை நம்பிப் பார்க்க முடிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் இருந்தது 16 வரிசை. அதில் மகாதமனியையும் நுரையீரல் குழாயையும் பார்க்கலாம். இதயக் குழாயைப் பார்க்க முடியாது. புதுசு பின்னால்தான் வந்தது.

எந்த மெஷினானாலும் ஒரு விசயம் மாறாது. கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். கையில் ஊசி வழியாக அயோடின் கலந்த மருந்தை ஏற்றுகிறோம். அது நுரையீரல் குழாயில் நிற்கும்போது படம் எடுத்தால் நுரையீரல் அடைப்பு தெரியும். சில விநாடி தாமதித்து மகாதமனிக்கு வந்தபோது எடுத்தால் கிழிசல் தெரியும். இதயத்துக்கு எடுப்பதென்றால் துடிப்பை மாத்திரையால் 60க்குப் பக்கத்தில் இறக்கி, நாக்கடியில் நைட்ரேட் கொடுத்து, இ.சி.ஜி.யோடு இணைத்து எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று எங்களுக்குச் சொல்வது டாக்டர் எழுதி அனுப்புகிற சீட்டு. சீட்டில் சரியான கேள்வி இல்லையென்றால் மெஷின் ஓடும், படமும் வரும், ஆளும் சாவார். அதனால் எங்கள் ஆட்களுக்கு சி.டி. ஸ்கேன் தொடங்குவது அந்த வட்டமான மெஷினுக்குள் இல்லை. ‘என்ன பண்ணுது?’ என்று ஒருத்தர் கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்கிற இடத்தில்தான்.

2016இல் ஒரு ராத்திரி. நகராட்சியில் ஒப்பந்தத்தில் குப்பை அள்ளுகிற ஒரு அக்காவைக் கொண்டுவந்தார்கள். நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். தெருவில் வண்டி தள்ளும்போதே விழுந்துவிட்டார். முதலில் பார்த்தவர் வழக்கம்போல எழுதிவிட்டார்: வாயு, பதட்டம். பக்கத்தில் யாரோ ‘தண்ணி போட்டிருக்கும்’ என்றார்கள். இ.சி.ஜி.யிலும் பெரிசாக ஒன்றுமில்லை. அன்றைக்கு ட்யூட்டியில் ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பெண், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ‘அக்கா, எப்படி வலிக்குதுன்னு நீங்களே சொல்லுங்க’ என்று கேட்டிருக்கிறார். ‘முதுவ யாரோ ரெண்டாக் கிழிக்கிறாப்பல இருக்குது கண்ணு’ என்றார் அந்த அக்கா. அந்தப் பெண் ரெண்டு கையிலும் தனித்தனியாக இரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் பெரிய வித்தியாசம். எனக்கு வந்த சீட்டில் மருத்துவ வார்த்தைகளுக்கு மேலே தமிழில் எழுதியிருந்தது: ‘முதுகைக் கிழிப்பது போல் வலி’. அந்த ஒரு வரியைப் பார்த்து ரேடியாலஜி டாக்டர் மகாதமனி முழுக்க எடுக்கச் சொன்னார். திரையில் வந்தது. ஒரே குழாய் ரெண்டாகப் பிரிந்து, நடுவில் மெல்லிய துணி மாதிரி கிழிசல் ஆடிக்கொண்டிருந்தது. இதயத்தை ஒட்டியே கிழிந்திருந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் சாவு நெருங்குகிற வகை அது. மாரடைப்பு என்று தப்பாக நினைத்துக் கரைக்கிற மருந்து போட்டிருந்தால் அதுவே கொன்றிருக்கும்.

சென்னைக்கு அனுப்பினார்கள். 108இல் போனார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்தார். மூணு மாசம் கழித்து மறு ஸ்கேனுக்கு வந்தபோது, ‘வேலைய விட்டு நிறுத்திட்டாங்க தம்பி, வராத நாளுக்கு ஆள் போட்டுட்டேன்னு காண்ட்ராக்டரு சொல்றாரு’ என்றார். கிழிந்த குழாயைத் தைத்துவிட்டார்கள். மற்றதைத் தைக்க ஆளில்லை. அந்தக் குழாய் கிழிந்ததே பல வருசம் யாரும் அளந்து பார்க்காத இரத்தக் கொதிப்பால்தான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். எத்தனையோ வருசம் நகரத்தின் குப்பையை அள்ளியவரின் கையில் ஒருமுறை கூட பட்டையைச் சுற்றி யாரும் அளந்திருக்கவில்லை.

தொடுவதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு சம்பவங்கள் ஞாபகம் வருகின்றன. 1816இல் பாரீசில் லெனெக் என்ற டாக்டர் ஒரு இளம்பெண்ணின் மாரில் நேரடியாகக் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. அந்த இடைவெளி அதிகம் கேட்பதற்கு உதவியது. இன்னொன்று நம் நாட்டு இடைவெளி. அண்ணல் அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய தன் நினைவுக் குறிப்பில் அதைப் பதிவு செய்திருக்கிறார். கத்தியவார் பகுதியில் ஒரு கிராமம், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியர். அவர் மனைவிக்குப் பிள்ளை பிறந்த இரண்டாம் நாளே உடம்பு கெட்டது. பிறகு மார் வீங்கி மூச்சுத் திணறல், விலாவில் கடும் வலி. டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி, இரண்டு ரூபாய்க்கு உத்தரவாதம் கொடுத்த பிறகு சேரிக்கு வெளியே வந்து நின்றார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்தார். அவர் ஆசிரியர் கையில், ஆசிரியர் மனைவி கையில். அதே வழியாகத் திரும்பி வந்ததை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிப் போய்விட்டார். மறுபடி வரவில்லை. அந்தத் தாய் இறந்துபோனார். இந்தக் கடிதம் 1929 டிசம்பரில் காந்தியின் ‘யங் இந்தியா’விலேயே அச்சானது.

ஸ்கேன் அறையில் வேலை செய்கிறவன் கண்ணோடு அதைப் படிக்கிறேன். பிள்ளை பெற்ற சில நாளில் விலாவில் வலி, மூச்சுத் திணறல் என்று ஒரு பெண் இன்று வந்தால், நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்திருக்குமோ என்பது டாக்டர் மனசில் முதலில் வர வேண்டிய சந்தேகங்களில் ஒன்று. சி.டி. எடுத்துப் பார்த்துவிடலாம். அந்தத் தாய்க்கு வந்தது நிமோனியாவா வேறா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவரைத் தொட்டுப் பார்த்தவர் யாருமில்லை. கருவி இருந்தது, டாக்டர் இருந்தார், பீஸும் இருந்தது. நோயாளியின் உடம்பு மட்டும் மருத்துவத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டது. லெனெக் இடைவெளி விட்டது கேட்பதற்கு. இங்கே இடைவெளி விட்டது கேட்காமலிருப்பதற்கு.

‘மெஷினுக்கு ஏதுங்க சாதி?’ என்று எங்கள் டாக்டர்கள் சிலர் சொல்வார்கள். முழுக்க உண்மையில்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கருத்த தோலில் அது தப்பாகக் காட்டுகிறது. வெள்ளையர்களை விடக் கறுப்பர்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுகிறது என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எக்ஸ் கதிருக்குத் தோல் நிறம் தெரியாது என்பது சரிதான். ஆனால் அந்தக் கதிர் முன்னால் யார் படுப்பது என்று முடிவு செய்கிற கண்ணுக்குத் தெரிகிறது. 1999இல் அதே நாட்டில் 720 டாக்டர்களுக்கு நடிகர்களை வைத்து எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். நெஞ்சுவலிக்காரராக நடித்தவர்கள் எல்லோரும் பேசியது ஒரே வசனம். ஆனாலும் கறுப்பினப் பெண்களை ஆஞ்சியோவுக்கு அனுப்பச் சொன்னவர்கள் குறைவாகவே இருந்தார்கள். நம் நாட்டில் சாதியை வைத்து அப்படி ஒரு வீடியோ எடுத்துக் காட்டினால் என்ன தெரியும்? நாற்காலியிலிருந்து எழுந்திருக்காத அந்த டாக்டரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

என் மேசையில் எல்லாரும்தான் படுக்கிறார்கள். ஒருமுறை எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் வந்தார். அவர் களத்தில் நைனா பண்ணையாளாக இருந்தவர். கொட்டாங்குச்சியில் கூழ் வாங்கிக் குடித்தவர். பெரிய வீட்டுக்காரருக்கு வலி வந்து நின்றுவிட்டிருந்தது. இ.சி.ஜி. சுத்தம், இரண்டு முறை எடுத்த ட்ரோபோனினும் சுத்தம். ஆனாலும் மேலிடத்திலிருந்து போன் வந்ததால் ஸ்கேன். அவர் மாரைத் துடைத்து ஒயரை ஒட்டினேன். முழங்கை மடிப்பில் நரம்பு பார்த்து ஊசியை ஏற்றினேன். நைனாவை ‘டேய்’ தவிர வேறு வார்த்தையால் கூப்பிடாதவர், ‘தம்பி, வலிக்காம போடுங்க’ என்றார். ‘மருந்து போறப்ப உடம்பெல்லாம் சூடு பரவும், மூத்திரம் போயிட்ட மாதிரி இருக்கும், பயப்படாதீங்க’ என்று எல்லாருக்கும் சொல்கிறதை அவருக்கும் சொன்னேன். உத்துப் பார்த்தார். ‘நீங்க எந்த ஊரு தம்பி?’ ஊர்ப் பேரைச் சொன்னேன். ‘நம்மூரா! எந்தத் தெரு?’

கண்ணாடி அறைக்குப் போய் மைக்கை அழுத்தினேன். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க.’ பிடித்தார். படம் ஓடி முடிந்தது. ‘மூச்சு விடலாம்.’ விட்டார்.

இதயக் குழாய்கள் நன்றாக இருந்தன. நுரையீரலும் நன்றாக இருந்தது. எலும்புகளில் ஒரு கீறல் இல்லை.

‘தோலைக் கிழிச்சுப் பாத்தா உள்ள எல்லாம் ஒண்ணுதான்’ என்று மேடையில் பேசுகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் பேசுகிறார்கள். தினமும் உள்ளே பார்க்கிறவன் நான். ஒன்றாக இல்லை. நெஞ்சுக்கு எடுக்கிற படத்தில் இதயம் மட்டும் விழுவதில்லை. நுரையீரல், விலா, முதுகெலும்பு எல்லாம் விழும். கல் குவாரிக்காரர் நுரையீரலில் மணல் அள்ளித் தெளித்த மாதிரி சிலிக்கா முடிச்சுகள். நிணநீர்க் கட்டிகளின் ஓரம் முட்டை ஓடு போல் வெளுத்துக் கிடக்கும். பீடி தொடாத கிழவியின் நுரையீரல் விறகடுப்புப் புகையில் ஊதிப்போயிருக்கும். நுரையீரல் உச்சியில் எப்போதோ வந்துபோன டி.பி.யின் தழும்பு. அப்படி ஒரு நோய் வந்ததே அவருக்குத் தெரியாது. விலாவில் உடைந்து தானாகக் கூடிய முறிவுகள். ஏணியிலிருந்து விழுந்ததா, அடிபட்டதா என்று எலும்பு சொல்லாது. ரிப்போர்ட்டில் ‘பழைய ஆறிய முறிவு’ என்று ஒரு வரி வரும், பல நேரம் அதுவும் வராது. வெளியே எந்தத் தெருவில் குடியிருக்கிறோம், என்ன வேலைக்குத் தள்ளப்பட்டோம் என்பது உள்ளே எழுதப்பட்டிருக்கிறது. பிறவியில் இல்லை, உழைப்பில் எழுதினது. நாம் வாய்மொழியாகச் சொல்கிற சாட்சியத்தை நம்ப மறுக்கிறவர்கள் இந்தப் படங்களையாவது வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

அதற்காக, நெஞ்சுவலி என்று வருகிற நம்மாட்கள் எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று கோஷம் போடுவதும் சரியில்லை. தனியார் சென்டர்கள் பாக்கேஜ் போட்டுக் கூவுவது அவர்கள் வியாபாரம். கதிர்வீச்சு இருக்கிறது. அயோடின் மருந்து கெட்டுப்போன சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கலாம். பிரிட்டனில் 37 மருத்துவமனைகளில் 1748 பேரை வைத்து நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்புச் சந்தேகத்தோடு வந்த எல்லாருக்கும் சீக்கிரமே சி.டி. எடுத்ததால் ஓராண்டில் சாவோ மாரடைப்போ குறைந்துவிடவில்லை. எடுத்தவர்களில் 5.8 சதவீதம், எடுக்காதவர்களில் 6.1 சதவீதம். அங்கே எல்லாருக்கும் இ.சி.ஜி.யும் ட்ரோபோனினும் நல்ல சிகிச்சையும் முதலிலேயே கிடைத்துவிடுகின்றன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அடிப்படை ஒழுங்காக இருக்கிற இடத்தில் பெரிய மெஷின் சேர்ப்பது கொஞ்சம்தான். அடிப்படையே மறுக்கப்படுகிற இடத்தில் பெரிய மெஷின் வெறும் திறப்புவிழா.

ஆனால் நடுவில் நிற்கிறவர்களுக்கு அது தரும் ஒரு பலனை நம்மைப் போன்றவர்கள்தான் சரியாக மதிக்க முடியும். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 9 மருத்துவமனைகள், 1000 நோயாளிகள். சி.டி. எடுத்தவர்கள் மற்றவர்களை விடச் சராசரியாக 7.6 மணி நேரம் முன்னால் வீட்டுக்குப் போனார்கள். அங்கே அதைக் கட்டில் காலியாகிற கணக்கில் எழுதியிருப்பார்கள். எங்கள் கணக்கில் ஏழரை மணி நேரம் என்பது ஒருநாள் கூலி. துணைக்கு வந்து நிற்கிறவருக்கும் சேர்த்தால் ரெண்டு நாள் கூலி. ‘கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன் டாக்டர், நாளைக்கு நடவு’ என்று எழுந்து போய் வழியில் செத்தவர்கள் உண்டு. ‘உன் குழாய் சுத்தமா இருக்குது, தைரியமாப் போ’ என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடிவது சின்ன விசயம் இல்லை. சொன்னால் போதும் என்று பணக்காரர் தைரியமாக இருக்கலாம். எங்களுக்குத் தைரியம் கூலியில் இருக்கிறது.

அதே 2021 வழிகாட்டியில் இன்னொன்றும் உண்டு. ‘வழக்கத்துக்கு மாறான நெஞ்சுவலி’ என்ற பிரிவையே கைவிடச் சொல்கிறது. இதயத்தால் வந்தது, இதயத்தால் வந்திருக்கலாம், இதயத்தால் இல்லை என்று மட்டும் எழுதச் சொல்கிறது. யாருடைய வழக்கம்? எல்லாரும் ஒரே மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் சரிய வேண்டுமா? தோளு இழுக்குது, தாடை கடுக்குது, மாரு அடைக்குது என்று எங்கள் சனம் சொன்னதெல்லாம் இத்தனை நாளும் ‘மாறான’ வலியாகக் கிடந்தது.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். யாரையாவது நெஞ்சுவலியோடு அழைத்துப் போனால், வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 நிமிடத்தில் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள், அந்தக் காகிதத்தில் நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் இ.சி.ஜி. சுத்தம் என்று அனுப்பினால், வலி இருக்கும்வரை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், ட்ரோபோனினும் இரண்டாம் முறை பார்த்தார்களா என்று கேளுங்கள். 2023இலிருந்து ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்ப ஏற்பாடு இருக்கிறது. அதை நம் சேரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று விசாரியுங்கள். ஸ்கேன் எழுதினால் ஏன், எழுதாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், ஆஸ்துமா உள்ளவர் என்றால் எங்களிடம் சொல்லுங்கள். படத்தையும் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நோயாளி சொல்கிற வார்த்தையை அப்படியே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கரும்புக்கட்டு தூக்க முடியலை என்றால் அப்படியே. முதுவைக் கிழிக்குது என்றால் அப்படியே. எழுத மாட்டேன் என்றால் ஏன் எழுதவில்லை என்று எழுதிக் கேளுங்கள். வாயு என்று எழுதுவதற்கு முன்னால் எழுந்து வந்து தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம்.